பகலில் விளக்கெரித்த ராவுத்தர்

மதுரையில் எத்தனையோ பிடிவாதக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஊரெல்லாம் இரவில் விளக்கேற்றிப் பகலில் அணைத்துக்கொண்டிருந்த காலத்தில், பகலில் ஏற்றி இரவில் அணைத்தவர் என்று பார்த்தால், வைகைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. தொப்பிக்கடை ராவுத்தராக இருந்தவர், மின்சாரம் வந்த பிறகு பகல்விளக்கு ராவுத்தர் ஆகிவிட்டார். தபால்காரரே அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற சந்து அது. அவர் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு முன்பக்கம் தொப்பிக் கடை, பின்பக்கம் குடித்தனம். எனக்குத் தல்லாகுளம் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அவர் வீட்டில் இரண்டு மின்சார பல்புகள் உண்டு. என் வீட்டில் அரிக்கேன் விளக்குதான். எதிரே சேர்வையின் மாவு மில்.

சண்டை அந்த மாவு மில்லில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சேர்வை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "உங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு ஆகுறதுல பாதிகூட எனக்கு ஆகாதுண்ணே. நம்மளது மோட்டார் ரேட்டு."

ராவுத்தர் தைத்துக்கொண்டிருந்த தொப்பியைக் கீழே வைத்தார்.

"ஒரே கம்பம், ஒரே கம்பி. வலது பக்கம் திரும்பி என் வீட்டுக்குள்ள வந்தா ஒரு விலை, இடது பக்கம் திரும்பி ஒன் வீட்டுக்குள்ள வந்தா ஒரு விலையா?"

"அதைக் கம்பெனிக்காரனைப் போயி கேளுங்க. என்னைய ஏன் மொறைக்கிறீக?"

"கேக்கத்தான் போறேன்."

கடையைத் திறந்து போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார். வாசலில் நின்ற என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டார். "நீ கோர்ட்டு ஆளு தம்பி. பேச வேணாம், சும்மா நில்லு. பயப்படுவான்." என்னைப் பார்த்து அதுவரை ஒரு பூனைகூடப் பயந்ததில்லை.

மின்சாரக் கம்பெனி எஞ்சினியர் இளைஞர். பொறுமைசாலி. ராவுத்தரை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு விளக்கினார்.

"சாயங்காலம் இருட்டினதும் ஊரே ஒண்ணா சுவிட்சைத் தட்டுது ராவுத்தரே. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நாங்க பெரிய எஞ்சின் வாங்கி வைக்க வேண்டியிருக்கு. பகல்ல அதுல பாதி சும்மா நிக்கும். மில்லுக்காரர் பகல்ல ஓட்டுறார். அவரால எங்களுக்குப் புதுசா எஞ்சின் செலவு இல்லை. விளக்குக்காரங்களாலதான் அந்தச் செலவு. அதை அவங்ககிட்டதானே வாங்கணும்?"

ராவுத்தர் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அடுத்து மேஜையைக் குத்தப்போகிறார் என்று நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். அவரோ மலர்ந்த முகத்தோடு கண்ணைத் திறந்தார்.

"நோன்புக் கஞ்சி!"

"என்னது?"

"பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சுறோம்ல? பாங்கு சொன்ன ஒடனே அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல சட்டியை நீட்டுவாங்க. அதுக்காகத்தான் அம்மாம் பெரிய அண்டா. ஒருத்தர் ஒருத்தரா நாள் பூராம் வந்தா சின்ன அண்டா போதும். பெரிய அண்டா வாங்குன செலவு, கூட்டமா வர்றவன் தலையிலதான் விழணும். சரிதானேய்யா?"

எஞ்சினியர் எழுந்து நின்றே விட்டார். கம்பெனி இத்தனை நாள் ஊருக்குப் புரியவைக்க முடியாமல் தவித்த விஷயத்தை இவர் கஞ்சியில் கரைத்துக் கொடுத்துவிட்டார். "பிரமாதம்! அதேதான்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலுக்காக அவர் பின்னால் எத்தனை முறை வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் ராவுத்தர் கையை விடாமலே கேட்டார்: "அப்ப, நான் பகல்ல விளக்கு எரிச்சா எனக்கும் மோட்டார் ரேட்டுதானே?"

"பகல்ல யாராவது விளக்கு எரிப்பாங்களா?"

"எரிச்சா?"

"மீட்டருக்குக் கடிகாரம் கிடையாது ராவுத்தரே. நீங்க பகல்ல எரிச்சீங்களா ராத்திரி எரிச்சீங்களான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் விளக்குன்னா இந்த ரேட்டு, மோட்டார்ன்னா அந்த ரேட்டுன்னு பிரிச்சு வச்சிருக்கோம்."

"மீட்டருக்குக் கடிகாரம் இல்லாட்டிப் போகுது, ஒங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? வந்து பாருங்க."

மறுநாள் காலையில் சூரியனும் ராவுத்தரின் பல்பும் ஒன்றாக உதித்தன. மாலையில் பாங்கு சத்தம் கேட்டதும் அவர் பல்பை அணைத்துவிட்டு, இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சந்து சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. திருவாதவூரிலிருந்து தானியம் அரைக்க வந்த ஒரு விவசாயி, உச்சிவெயிலில் எரிகிற விளக்கைப் பார்த்து, வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"யாருக்குங்க என்ன ஆச்சு?"

"கம்பெனிக்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"அடடா, நல்லாத்தான் இருந்தாரா?" என்று அந்த மனிதர் உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

ராவுத்தரின் தங்கை மகளுக்குச் சம்பந்தம் பேச ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு ஆட்கள் வந்தார்கள். வீடு கும்மிருட்டு. மாப்பிள்ளையின் தகப்பனார் மெத்தென்று இருக்கிறதே என்று உட்கார்ந்த இடம், பெருநாளுக்காகத் தைத்து அடுக்கியிருந்த தொப்பிகள். உள்ளேயிருந்து அவர் மனைவி ராவுத்தரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது சுவர் வழியாக எங்களுக்கே கேட்டது: "வந்தவுக மூஞ்சி தெரியலை, பொண்ணு மூஞ்சி அவுகளுக்குத் தெரியலை. ஒரு நாளைக்குப் போட்டா என்ன கொறைஞ்சா போயிருவீக?"

"பகல்ல வரச் சொல்லு. கல்யாண வீடு மாதிரி இருக்கும்."

அந்தச் சம்பந்தம் இருட்டிலேயே நிச்சயமானது. அதையும் அவர் தன் கட்சிக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கம்பெனிக்கு அவர் ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை. மாதாமாதம் ஜன்னலில் முழுப் பணத்தையும் வைத்துவிட்டு, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி, "இது நியாயமில்லை! ஆனாலும் வச்சுக்கங்க!" என்பார். குரல் கேட்டதும் எஞ்சினியர் பின்கட்டுக்குப் போய்விடுவார். ராவுத்தர் பின்கட்டு ஜன்னலுக்கு நடந்து போய் அங்கேயும் ஒரு தடவை சொல்லிவிட்டு வருவார்.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை அப்படி எழுத முடியுமா என்று தெரியவில்லை. என் மகளுக்கு இப்போது எட்டு வயது. மார்கழியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மூடச் சொல்கிறேன். மூடினால் காற்று வேண்டாமா என்று திறக்கச் சொல்கிறேன். தும்மினால் தொட்டுப் பார்க்கிறேன், தும்மாவிட்டாலும் தொட்டுப் பார்க்கிறேன். "அப்பா, பேசாம வேலையைப் பாருங்க" என்கிறாள். நாற்பது வயதில் முதல் பிள்ளையைப் பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது?

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். ஐப்பசி அடைமழை. ஆற்றில் வெள்ளம், சந்தில் முழங்கால் தண்ணீர். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட உடம்பு, தொட்டால் ஜில்லென்றிருந்தது. லேடி டாக்டர் நனைந்துகொண்டே வந்து பார்த்துவிட்டு, "இந்த மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்காதீங்க, வழியிலேயே குளிர்ந்துடும். இங்கேயே கதகதப்பா வச்சுக்கணும். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பகலும் ராத்திரியும் ஒரே மாதிரி" என்றார்.

கரி அடுப்பு மூட்டினோம். புகையில் பிள்ளை மூச்சுக்குத் திணறியது. வெந்நீர்ப் பாட்டில் வைத்தோம். முதலில் சுட்டது, சற்று நேரத்தில் ஆறிப்போனது. என் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் "என்னமாச்சும் செய்யுங்க, என்னமாச்சும் செய்யுங்க" என்றாள். நான் அறைக்கும் கூடத்துக்கும் நடந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அப்போது பக்கத்துச் சுவர் அதிர்ந்தது. காரை உதிர்ந்தது. ஒரு கடப்பாரையின் நுனி என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. அது உருவப்பட்டதும் ஓட்டையில் ராவுத்தரின் ஒரு கண் தெரிந்தது.

"தம்பி, தள்ளி நில்லு. ஒயர் வருது."

"அண்ணே, வீட்டுக்காரர் சுவரைக் கேப்பாரே..."

"சுவரை நாளைக்குக் கட்டிக்கலாம். ஒயரைப் பிடி!"

பின்னாலேயே அவரும் வாசல் வழியாக வந்தார், தலையில் ஒரு மரப்பெட்டியோடு. தொப்பித் துணி வந்திறங்குகிற பெட்டி. ராவுத்தரம்மா ஒரு கூடை பஞ்சு கொண்டுவந்தார். பெட்டிக்குள் பஞ்சு மெத்தை, ஒரு ஓரத்தில் இரண்டு பல்புகள், பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் படாதபடி அவற்றின்மேல் ஓட்டை போட்ட மண்சட்டி. பக்கத்தில் லேடி டாக்டர் கொடுத்த வெப்பமானி. சூடு ஏறினால் ஒரு பல்பைக் கழற்றினார், இறங்கினால் மாட்டினார். பொழுது விடிவதற்குள் பிள்ளையின் கால் விரல்கள் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறின.

அவர் வீட்டில் இருந்தது அந்த இரண்டு பல்புகள்தான். அவை என் வீட்டுக்கு வந்துவிட்டதால் ராவுத்தர் வீடு இப்போது பகலிலும் இருட்டு, இரவிலும் இருட்டு. ராவுத்தரம்மா வாய் திறக்கவில்லை. மதியத்தில் அவர் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நான் கோர்ட்டுக்குப் போகாமல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ராவுத்தர் கடைக்கும் பெட்டிக்குமாக நடப்பார்.

ஒரு காலையில் தொப்பிக் கடை வாசலில் கம்பெனி எஞ்சினியர் வந்து நின்றார். கூடவே ஏணியும் குறடுமாக ஒரு லைன்மேன்.

"ராவுத்தரே, உங்க மீட்டர் ராத்திரியும் பகலுமா ஓடுதுன்னு சொல்றாங்க. கடையில பார்த்தா விளக்கையே காணோம்" என்றபடி ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்தவர், சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். "இது யார் வீட்டுக்குப் போகுது?"

"என் வீட்டுக்கு" என்றேன். சத்தம் கேட்டு அதற்குள் நான் கடைக்கு வந்திருந்தேன்.

"ஒரு வீட்டுக் கரண்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. மழையில யாராவது செத்தா யார் பதில் சொல்றது? ஏம்ப்பா, பீஸ் கட்டையைப் புடுங்கு."

லைன்மேன் ராவுத்தர் வீட்டு மீட்டர் பலகையை நோக்கிக் கையை உயர்த்தினான். அவன் கையை யாரோ பிடித்துக் கீழே இழுத்தார்கள். பிடித்தது நான்தான். கோர்ட்டில் டவாலிச் சேவகன் முறைத்தாலே உட்கார்ந்துவிடுகிற நான், அவனைவிட ஒரு முழம் குட்டையான நான், இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "தொட்டீன்னா நடக்குறதே வேற!" என்றேன். என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

சந்தே கூடிவிட்டது. சேர்வை மில்லை நிறுத்திவிட்டு வந்தார். எல்லாரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். கம்பி, கம்பம், கஞ்சி எல்லாவற்றையும் இழுத்து எஞ்சினியரை உண்டு இல்லையென்று ஆக்கப்போகிறார் என்று காத்திருந்தார்கள்.

ராவுத்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அய்யா, வெளக்கு ரேட்டா? போட்டுக்கங்க. அபராதமா? அதையும் போட்டுக்கங்க. நீங்க சொன்னதுதான் நியாயம். புடுங்க மட்டும் வேணாம்."

அதுவரை பிள்ளை பிழைத்துவிடும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ராவுத்தர் விட்டுக்கொடுத்ததைக் கேட்டபோதுதான், நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது. லைன்மேனின் கையை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எஞ்சினியருக்கும் பயம் வந்துவிட்டது. "உள்ள என்ன இருக்கு?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் வந்தார். பெட்டியைப் பார்த்தார். மூடியைச் சற்றே தூக்கினார். பஞ்சுக்குள் என் மகள் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். எஞ்சினியர் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, பெட்டியின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"ராவுத்தரே, இது விளக்கு இல்லையே."

"வெளக்குதான்யா. பல்பு எரியுதுல்ல?"

"எரியுது. ஆனா வெளிச்சம் எங்கே? சட்டியைப் போட்டு மூடியிருக்கீங்களே. இது சூடு. இஸ்திரிப் பெட்டி மாதிரி. இதுக்கு மோட்டார் ரேட்டுதான்."

"வேணாம்யா. வெளக்கு ரேட்டே இருக்கட்டும்."

"அது நியாயமில்லை!"

"நியாயத்தைப் பெறகு பாத்துக்கலாம்யா!"

"அதெப்படிப் பிறகு? நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க, பெரிய அண்டா சின்ன அண்டான்னு?"

"நானே சொல்றேன், கேளுங்க. பாங்கு நேரத்துலயும் இது எரியுது. கூட்டத்தோட கூட்டமா இதுவும் சட்டியை நீட்டுது. அப்ப அண்டாச் செலவுல இதுக்கும் பங்கு உண்டு. வெளக்கு ரேட்டு!"

"கூட்டத்துல ஒரு கரண்டிதான் வாங்குது. காலையில ஒரு கரண்டி, மத்தியானம் ஒரு கரண்டி, நடுச்சாமத்துலயும் அதே ஒரு கரண்டி. ஊர்ல எல்லாரும் இப்படி ஒரே சீரா வாங்கினா நான் சின்ன எஞ்சினை வச்சே பிழைச்சுக்குவேன். மதுரையிலேயே எனக்கு உருப்படியான வாடிக்கைக்காரர் இந்தப் பெட்டிக்குள்ளதான் படுத்திருக்கார். அவர்கிட்ட நான் கூட வாங்க மாட்டேன்!"

"நான் குடுத்தே தீருவேன்!"

"குடுங்க பார்ப்போம்!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் ஈனமாக வந்தது: "பிள்ளை முழிச்சுக்கும். மெதுவாச் சண்டை போடுங்க."

இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே சண்டையைக் கிசுகிசுப்பாகத் தொடர்ந்தார்கள். சேர்வை வாசற்படியில் நின்று என்னைக் கேட்டார்: "யாருண்ணே கம்பெனிக்காரரு? எனக்குக் கொழம்பிருச்சு." எனக்கும் குழம்பித்தான் இருந்தது.

எஞ்சினியர் ஜெயித்தார். ராவுத்தரைத் தோற்கடித்த ஒரே மனிதர் அவர்தான். என் வீட்டுக்குத் தனிக் கம்பி, தனி மீட்டர், மோட்டார் ரேட்டு. "எழுத்து வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். பழைய ஒயர் மட்டும் இருக்கக் கூடாது" என்றார்.

"புதுக் கம்பி உள்ள வந்து சேர்ற வரைக்கும் பழசுல ஒருத்தன் கை வைக்கக் கூடாது" என்று ராவுத்தர் ஓட்டைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

கொட்டுகிற மழையில் லைன்மேன் கம்பத்தில் ஏறினான். எஞ்சினியர் குடை பிடிக்காமல் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். கம்பி மாற்றுகிற நேரத்துக்குப் பிள்ளையை எடுத்து என் மனைவியின் மார்போடு சேர்த்துக் கம்பளி போட்டு மூடினோம். பல்புகள் அணைந்தன. மண்சட்டியின் ஓட்டைகள் கறுத்தன. நான் சட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். சூடு குறைந்து, இன்னும் குறைந்து, வெறும் மண்ணாக ஆறிக்கொண்டிருந்தபோது, அந்த ஓட்டைகளில் மறுபடி மஞ்சள் நிறம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராவுத்தர். நான் சட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்த பிறகுதான் எடுத்தேன்.

மழைக்காலம் முடிகிற வரை ராவுத்தர் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக் கடைசியில் ஜன்னலில் பணத்தை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பினாராம். வரிசையில் நின்றவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று சந்துக்கே வந்து விசாரித்தார்கள். எனக்கு அந்த மௌனம்தான் பெரிய பயமாக இருந்தது. பகலில் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்வேன். அவர் சத்தம் இல்லாத வீட்டில் உடனே விழிப்பு வந்துவிடும்.

தை பிறந்ததும் லேடி டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கினார், எடை போட்டார், என் மனைவியின் மடியில் கொடுத்தார். "இனிமே பெட்டி வேண்டாம்" என்றார். ராவுத்தர் எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பல்புகளையும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கணக்குப் பார்க்கக் கம்பெனி ஆள் சந்துக்குள் நுழைந்தான். பட்டப்பகலில் தொப்பிக் கடையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே நின்றுகொண்டு ராவுத்தர், மேல மாசி வீதிவரை கேட்கும் குரலில், "வாய்யா வா! என்னமோ நான் அடங்கிட்டேன்னு நெனைச்சீகளா? கேக்குறதுக்கு எம்புட்டு பாக்கி இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

நான் என் மகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். அவர் கத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.